தேங்காய் எழுந்து நின்ற மூலை

முப்பது ஆண்டுகளுக்கு மேல் உயர்நிலைப் பள்ளியில் இயற்பியல் சொல்லிக்கொடுத்தேன். அதே ஆண்டுகளில் பாலக்காட்டுப் பக்கம் எங்கள் ஊரான பெருமாட்டியைச் சுற்றியுள்ள தோட்டங்களில், உள்ளங்கையில் தேங்காயை வைத்து நீரோட்டமும் பார்த்துக் கொடுத்தேன். இரண்டையும் செய்தவன் ஒரே ஆள்தான் என்று ஒப்புக்கொள்ள எனக்கு எழுபத்தைந்து வயதாக வேண்டியிருந்தது.

பார்க்கும் முறை எளிது. மட்டை உரித்துக் குடுமியை மட்டும் விட்ட தேங்காயைக் கையில் படுக்க வைத்து, குடுமி விரல்நுனிப் பக்கம் இருக்கும்படி ஏந்திக்கொண்டு, வெறுங்காலோடு மெல்ல நடக்க வேண்டும். அடியில் ஊற்று இருந்தால் படுத்திருக்கும் தேங்காய் தானாக எழுந்து நிற்கும். அங்கே சுண்ணாம்பால் வட்டம் போட்டு ஒரு குச்சியை நடுவார்கள். அதற்குப் பாயிண்ட் என்று பெயர். போர் போடும் வண்டிக்காரர்கள் வந்து இறங்கியதும் முதலில் கேட்பது, "பாயிண்ட் யாருங்க பாத்தது?" என்பதுதான். நான் பார்த்தது என்று தெரிந்தால் மேற்கொண்டு கேட்கமாட்டார்கள்.

என் கையில் தேங்காய் எழுந்தது. நான் அதை எழுப்பவில்லை. இதை இன்றும் சத்தியமாகச் சொல்வேன். இந்தச் சத்தியம்தான் என்னை இத்தனை காலம் ஏமாற்றியது.

பள்ளியில் கணக்கு வாத்தியார் ஒருவர் இருந்தார், மலையாளி. ஆசிரியர் அறையில் என்னைப் பார்த்தாலே சீண்டுவார். "மாஷே, புவியீர்ப்புக்கு எல்லா இடத்திலும் டியூட்டி உண்டு. உங்க தேங்காய்க்கு மட்டும் லீவா?" நானும் சிரிப்பேன். அறிவியலுக்கு இன்னும் எட்டாத ஏதோ ஒன்று என் கையில் இருப்பதாக எனக்கு ஒரு ரகசிய நம்பிக்கை. வகுப்பில் ஒருவனாகவும் தோட்டத்தில் வேறொருவனாகவும் இருந்தேன். இருவரையும் சந்திக்கவிடாமல் பார்த்துக்கொண்டேன்.

ஏறக்குறைய இருபது ஆண்டுகளுக்கு முன் கோடை ஒன்றில் தம்பியின் திறந்த கிணறு வற்றியது. அப்பா இறந்தபின் பாகம் பிரித்ததில் கிழக்குப் பாதி எனக்கு, மேற்குப் பாதி அவனுக்கு. நடுவில் ஒரு வரப்பு. என் போர் வரப்பிலிருந்து இருபதடி தள்ளி இருந்தது. அந்த வட்டாரத்திலேயே நிற்காமல் ஓடிய தண்ணீர் அது. தம்பி வந்து, "ஏனுங்ண்ணா, எனக்கும் ஒரு பாயிண்ட் பாத்துக் குடுங்க. ஊருக்கெல்லாம் பாக்கறீங்க, எனக்குப் பாக்கமாட்டீங்களா?" என்று சிரித்தான். அவனுக்கு ஐம்பது தென்னை காய்ப்பில் இருந்தது. எல்லாவற்றிலும் குருத்து சுருண்டு நின்றது.

அந்த வாரம் ஒரு நாள், வகுப்பில் ஒன்றோடொன்று இணைந்த குழாய்களில் நீர்மட்டம் பற்றி நடத்திக்கொண்டிருந்தபோது ஒரு நினைப்பு வந்தது. அவன் வரப்புக்குப் பக்கத்தில் போட்டால் என் தண்ணீர் இறங்கிவிடும். உடனே என்னை நானே கடிந்துகொண்டேன். கூடப் பிறந்தவனைப் பற்றி இப்படியா நினைப்பது என்று வெட்கப்பட்டு, அந்த நினைப்பை விரட்டிவிட்டேன். விரட்டியது என் கைக்குள் போய் உட்கார்ந்துகொண்டது என்று அப்போது தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை காலை குளித்துவிட்டு, கற்பூரம் காட்டி, தேங்காயோடு நடந்தேன். பெரியப்பாவும் பங்காளிகள் சிலரும் வரப்பில் நின்றார்கள். வரப்பை ஒட்டி மூன்று முறை நடந்தேன். தேங்காய் செத்ததுபோல் படுத்திருந்தது. மேற்கே போனேன். கடைசி மூலையில், இரண்டு தென்னைகளுக்கு நடுவில், தேங்காய் ஒரு சிலிர்ப்புச் சிலிர்த்து நேராக எழுந்து நின்றது. என் உடம்பெல்லாம் புல்லரித்தது. தம்பி கைகூப்பிவிட்டான்.

மறுநாள் வண்டி வந்தது. காலையிலிருந்து சாயங்காலம் வரை வெள்ளைத் தூள் மட்டுமே வந்தது. தென்னை ஓலை, எங்கள் தலை, ஓரமாகக் கட்டியிருந்த மாடு எல்லாம் வெளுத்துப்போயின. எத்தனை குழாய் இறக்கியும் ஈரம் என்று ஒரு பொட்டு இல்லை. வண்டிக்காரன் இயந்திரத்தை நிறுத்தியதும் வந்த அமைதியில் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

பெரியப்பா கேட்டார். "ஏம்ப்பா, உன்ற கைக்குத் தப்பாதே. என்னாச்சு?"

தெரியவில்லை என்று சொல்லியிருக்கலாம். தப்பிவிட்டது என்று சொல்லியிருக்கலாம். நான் சொன்னது இது: "ஆராச்சும் தீட்டோட வந்திருப்பாங்களாட்ட இருக்குதுங்க."

தோட்டத்தில் அன்று ஒரே ஒரு பெண்தான் இருந்தாள். தம்பியின் மனைவி. எங்களுக்கெல்லாம் மோர் கொண்டுவந்து போசியும் டம்ளருமாக நின்றிருந்தாள். யாரும் அவள் பெயரைச் சொல்லவில்லை. எல்லோரும் அந்தப் பக்கம் ஒருமுறை திரும்பிவிட்டு மறுபடி குழியைப் பார்த்தார்கள், அவ்வளவுதான். அவள் டம்ளர்களைப் பொறுக்கிக்கொண்டு வீட்டுக்குப் போனாள்.

யாரையும் குறித்துச் சொல்லவில்லை என்று அன்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அவள் ஒருத்திதான் அங்கே நின்றாள் என்பதைப் பார்க்காமலா அந்தச் சொல் என் வாயில் வந்தது?

தென்னைகள் ஒவ்வொன்றாகத் தலை சாய்ந்தன. தம்பி நிலத்தை விட்டுவிட்டு எலப்புள்ளிக்குக் குடிபோய், கஞ்சிக்கோட்டில் ஒரு தொழிற்சாலை வாசலில் காவலாளி ஆனான். சீருடை போட்டுக்கொண்டு விசில் கட்டிய கயிறோடு அவன் நின்றதை ஒருமுறை பேருந்திலிருந்து பார்த்தேன். இறங்கவில்லை.

அவன் மனைவிக்கு நடந்தது சத்தமில்லாமல் நடந்தது. பங்காளி வீட்டுக் கல்யாணத்தில் முகூர்த்தக்கால் நட ஐந்து சுமங்கலிகளைக் கூப்பிட்டார்கள், அவளைக் கூப்பிடவில்லை. விதைப்புக்கு முதல் கை வைக்க அழைக்கவில்லை. கைராசி இல்லாதவள் என்று யாரோ சொன்னது ஊரில் தங்கிவிட்டது. சில ஆண்டுகளில் யாரும் சொல்லாமலே அவள் ஒதுங்கி நிற்கப் பழகினாள். நல்ல காரியம் தொடங்கும் நேரம் பார்த்து அடுப்படிக்குள் போய்விடுவாள். என் மகன் கல்யாணத்திலும் போனாள். நான் அதைக் கவனித்தேன். பேசாமல் இருந்தேன்.

அதற்குப் பிறகும் ஏழெட்டு இடங்களில் பாயிண்ட் பார்த்தேன். எல்லாவற்றிலும் தண்ணீர் வந்தது. அதையும் எழுதத்தான் வேண்டும்.

மனைவி இறந்த பிறகு வீட்டில் பகல் நீளமாகிவிட்டது. எங்கள் ஊரில் மகனோடு குடியிருந்த ஓய்வுபெற்ற செவிலியர் அம்மா ஒருவர், தன் வீட்டு மாடியில் வாரம் மூன்று காலைகள் சிலரை உட்காரவைத்து மௌனமாக இருக்கப் பழக்குகிறார் என்று கேள்விப்பட்டுப் போனேன். இடுக்கியில் தேயிலைத் தோட்ட ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தவர், கத்தோலிக்கர், என்னைவிடப் பத்து வயது இளையவர். மந்திரம், ஜெபம் என்று எதுவும் சொல்லித் தரமாட்டார். கைகளை மடியில் மல்லாத்தி வைத்துக்கொண்டு, வருவதைத் தள்ளாமல், பிடிக்காமல் பார்த்துக்கொண்டு முக்கால் மணி நேரம் இருக்க வேண்டும்.

நான் நன்றாக உட்கார்ந்தேன். ஆறு மாதத்தில் என் மனம் அசையாத குளமாகிவிட்டது என்று பெருமையாகச் சொன்னேன். அவர் என்னை ஒரு நிமிடம் பார்த்தார்.

"சார், நீங்க உக்காந்திருக்கதப் பாத்தா பரீட்சை ஹாலு சூப்பர்வைசர் மாதிரி இருக்கு. ஒருத்தனும் தலையத் தூக்க விடமாட்டேங்கிறீக. பிள்ளைக எல்லாம் பயந்துபோயி உள்ள ஒளிஞ்சிருக்கு. அதப் போயி அமைதிங்கிறீக."

கோபம் வந்தது. இரண்டு வாரம் போகவில்லை. பிறகு போனேன், வேறு போக்கிடம் இல்லாததால்.

இரண்டாம் ஆண்டு ஒரு காலை, வலது கையில் கனம் தெரிந்தது. வெறும் கைதான். ஆனால் மல்லாந்த உள்ளங்கையில் ஒரு தேங்காய் படுத்திருக்கும் கனம் அப்படியே இருந்தது. பார்த்துக்கொண்டிருந்தேன். சிறுவிரலுக்குக் கீழுள்ள சதை மயிரிழை அளவு இறங்கியது, கட்டைவிரல் அடி எழும்பியது, மணிக்கட்டு கொஞ்சம் சாய்ந்தது. நான் எதையும் செய்யவில்லை. ஆனால் என் கை செய்துகொண்டிருந்தது. கல்லூரியில் படித்து வாத்தியாராக இருந்தவனுக்கு இது புரியக் கண்ணாடி போட வேண்டியதில்லை. புவியீர்ப்பு மையம் ஒரு நூல் நகர்ந்தால் போதும், உருண்டையான பொருள் எழுந்துவிடும்.

அடுத்த நாட்களிலும் வந்தது. அடக்கப் பார்த்தேன். அடக்க அடக்கக் கனம் கூடியது. அந்த அம்மாவிடம் சொன்னேன்.

"அமுக்காதீக. கை என்னத்தச் சொல்லுதுன்னு கேட்டுக்கிட்டு இருங்க."

"கை வேற, நான் வேறன்னுதானே இவ்வளவு நாள் நினைச்சேன்."

"அதான் நோவு," என்றார். "ஆஸ்பத்திரிலயும் வந்து சொல்லுவாக. வலிக்கது எனக்கில்ல சிஸ்டர், காலுக்குன்னு."

அன்று மத்தியானமே வீட்டில் சோதித்துப் பார்த்தேன். கொட்டகையில் தேங்காய் உரித்துக்கொண்டிருந்தவரைக் கூப்பிட்டு, என் கண்ணைத் துண்டால் கட்டி, தோப்புக்குள் இஷ்டப்படி நடத்திக்கொண்டு போகச் சொன்னேன். ஐம்பது வயது மனிதர். துண்டை முடிச்சுப் போடும்போதே சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தார்.

"ஏனுங்க சார், கோயில் நோம்பிக்கு வேசமுங்களா? சொல்லியிருந்தா நானும் ஒண்ணு கட்டீருப்பனுங்க."

கண்ணைத் திறந்து நடந்தபோது, தண்ணீர்க் குழாய் புதைத்திருக்கிறது என்று எனக்குத் தெரிந்த இடத்திலெல்லாம் தேங்காய் எழுந்தது. கண்ணைக் கட்டி நடந்தபோது அதே குழாய்மேல் நாலு முறை கடந்தும் எழவில்லை. பாறைமேல் ஒருமுறை எழுந்தது. அவர் சிரிப்பதை நிறுத்திவிட்டார். துண்டை அவிழ்த்தபோது என் முகம் எப்படி இருந்தது என்று தெரியவில்லை. "உள்ள போயி உக்காருங்க சார்," என்று சொல்லிக் கையிலிருந்த தேங்காயை அவரே வாங்கிக்கொண்டார்.

ஊற்று இருக்கும் இடம் என் தேங்காய்க்குத் தெரியாது. மண்ணின் நிறம், புற்று, மரத்தின் சாய்வு, பக்கத்துக் கிணறுகளின் ஆழம் ஆகியவற்றைப் பல ஆண்டுகளாகப் பார்த்துப் பார்த்து எனக்குத் தெரிந்திருந்தது. தெரியும் என்பது மட்டும் எனக்குத் தெரியவில்லை. அப்படியானால் தம்பியின் தோட்டத்தில் என் கைக்கு என்ன தெரிந்திருந்தது? அந்தக் கேள்வியோடு மாடியில் உட்கார ஆரம்பித்தேன். உட்காருவதற்கே பயமாக இருந்தது. வழியில் திரும்பிவிடலாம் என்று பல நாள் தோன்றியது.

மூன்றாவது வாரம் பதில் வந்தது. ஒரு சத்தமாக வந்தது: கடப்பாரை பாறையில் மோதும் சத்தம். பிறகு அப்பாவின் முதுகு, வியர்வையோடு. எனக்கு ஆறு வயது இருக்கும். மேற்கு மூலையில் அப்பா கிணறு வெட்டத் தொடங்கி, ஆள் உயர ஆழத்தில் பாறை தட்டி, நாலு நாள் இடித்துப் பார்த்துவிட்டுக் கடப்பாரையைத் தூக்கி எறிந்தார். குழியை மூடி இரண்டு தென்னங்கன்று வைத்தார். தம்பி அப்போது தொட்டிலில். அப்பா அதைப் பற்றிப் பிறகு பேசியதே இல்லை. நானும் மறந்தே போனேன். அந்த இரண்டு தென்னைகளுக்கு நடுவில்தான் என் கை தேங்காயை எழுப்பியது.

கண்ணைத் திறந்தபோது மற்றவர்கள் போய்விட்டிருந்தார்கள். செவிலியர் அம்மா ஜன்னல் பக்கம் துணி மடித்துக்கொண்டிருந்தார்.

தியானம் என்றால் மேல்மனம் அடிமனத்தை ஜெயிப்பது என்று நினைத்திருந்தேன். பிறகு இரண்டும் சமாதானமாகப் போவது என்று நினைத்தேன். எனக்கு நடந்தது இரண்டுமில்லை. நான் அறியாமல் நடந்தது என்று சொல்லித் தப்பிக்க எனக்கு ஓர் இடம் இருந்தது, அது பறிபோயிற்று. பயந்தவன் நான். மறந்தவன் நான். பாறைக்கு மேல் கையைச் சாய்த்தவனும், அதைக் கண்டு உண்மையாகவே புல்லரித்தவனும் நானே. தீட்டு என்று சொன்னவன் மட்டும் எல்லாம் அறிந்தே சொன்னான்.

இதைத் தெரிந்துகொண்டும் நாலு மாதம் யாரிடமும் சொல்லவில்லை. சொல்ல வைத்தது தம்பியின் தொலைபேசி.

அவன் மகள் எலப்புள்ளியில் மனை வாங்கி வீடு கட்டப்போகிறாள். "மொதல்ல போர் போட்டுட்டுத்தானுங்ண்ணா கட்டடம். நீங்க வந்து பாயிண்ட் பாக்கோணும். பயப்படாதீங்க, இந்தத் தடவ தப்பாது. அன்னைக்கு என்ற ஊட்டுக்காரியக் கண்ணாஸ்பத்திரிக்குன்னு கோயமுத்தூரு அனுப்பிப்போடறன்."

இருபது ஆண்டுகள் கழித்தும் என் கைமேல் அவனுக்கு அவ்வளவு நம்பிக்கை. "அம்மிணி இருக்கோணும். அவ இல்லீன்னா நான் வரமாட்டேன்," என்றேன். அவனுக்குப் புரியவில்லை. சரி என்றான்.

மனையில் நின்ற நாலு பேரில் தம்பி, அவன் மகள், மருமகன் போக நாலாவது ஆள் தம்பியின் மனைவி. தெருவோரம், மற்றவர்களிடமிருந்து இருபதடி தள்ளி, புடவைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு. காற்று பலமாக வீசியது. மருமகன் தட்டில் தேங்காய், கற்பூரம், வெற்றிலை வைத்திருந்தான். நான் தேங்காயைத் தொடவில்லை. அவளைப் பக்கத்தில் வரச் சொன்னேன். அவள் தம்பியைப் பார்த்துவிட்டு வந்தாள்.

எழுதிவைத்துப் படித்ததுபோல் சொன்னேன். என் தண்ணீர் போய்விடும் என்று பயந்தது, அப்பா வெட்டிய குழி, கண்ணைக் கட்டி நடந்தது, பெரியப்பா கேட்டதற்கு நான் சொன்ன பதில். "அம்மிணி, உம்மேல ஒரு தப்புமில்ல. தீட்டுன்னு நான் சொன்னது பொய். என்னையக் காப்பாத்திக்கச் சொன்னது."

முதலில் பேசியது தம்பி. எனக்காகப் பேசினான்.

"தேங்கா பொய் சொல்லாதுங்ண்ணா. உங்களுக்கு வயசாச்சு. அண்ணி போனதுல இருந்தே மனசு ஒடஞ்சுதான் கெடக்கறீங்க. அந்த மாடியில போயி உக்காரறதெல்லாம் உங்களுக்கு ஆகாதுங்க."

"இல்லடா. பொய்தான்."

"அப்பா குழி வெட்டுனது எனக்குத் தெரியாதுங்களே. ஆரும் சொல்லலியே. நீங்க கனாக் கண்டிருப்பீங்க."

அவன் ஏன் என்னை இப்படித் தாங்குகிறான் என்று எனக்குப் புரியவில்லை. அவன் மனைவி வாய் திறந்ததும் புரிந்தது.

"அன்னைக்கு எனக்குத் தூரமில்லீங்க மாமா, தீட்டே இல்லீங்க," என்றாள். குரல் உயரவில்லை. "அத்தன ஆம்பளைக நிக்கறப்ப அத நான் எப்படீங்க சொல்றது? ஊட்டுக்குப் போயி இவருகிட்டச் சொன்னன்." தம்பியின் பக்கம் திரும்பினாள். "ஏனுங்க, சொன்னனுங்களா இல்லீங்களா?"

தம்பி தரையைப் பார்த்தான்.

"அண்ணன் சொன்னாச் செரியாத்தான் இருக்கும், நீ நாளு மறந்திருப்பேன்னீங்க. ஒரு பத்து வருசம் இல்லீன்னுதான் இருந்தேன். அப்புறம் எனக்கே சந்தேகம் வந்துருச்சுங்க மாமா. இருந்திருக்குமோ, நாந்தான் மறந்துட்டனோன்னு. அந்த ஐம்பது மரத்தையும் நாந்தான் கொன்னேன்னு வெச்சுக்கிட்டேன்."

மகள் அழ ஆரம்பித்தாள். அம்மா அழவில்லை. மருமகன் தட்டை மெல்லச் செங்கல் அடுக்கின்மேல் வைத்துவிட்டு, ஜியாலஜிஸ்ட் ஒருவரைத் தெரியும், அவரை வரச் சொல்லலாம் என்று யாரையும் பார்க்காமல் சொன்னான். காலில் விழவேண்டும் என்று எனக்குத் தோன்றியது. அவள் மன்னிக்க வேண்டிய கட்டாயத்தை அதுவும் அவள்மேல் போடும் என்று பட்டது. நின்றுகொண்டே இருந்தேன்.

ஒன்றரை மாதம் கழித்து அவளே தொலைபேசியில் கூப்பிட்டாள்.

"வாசக்கால் வெச்சாங்க மாமா. மஞ்சத்துணி கட்டறதுக்கு எம்புள்ள என்னையக் கூப்பிட்டா. கையே ஓடலீங்க. ஆரோ பின்னால இருந்து கூப்பிட்டு நிறுத்துவாங்களாட்டவே இருந்துச்சு."

"கட்டினியா?"

"கட்டுனங்க. ஆனா இவரு எங்கிட்டப் பேசறதில்லீங்க. சோறு போட்டாத் திங்கறாரு. எம்மூஞ்சியப் பாக்கறதில்ல."

"கோவமா?"

"கோவமில்லீங்க. பாக்க முடியலீன்னு நெனைக்கறன். அது கோவத்துக்கு மேலயா இருக்குதுங்க. ஏனுங்க மாமா, நீங்க உக்கார்ற எடத்துல இதுக்கு ஏதாச்சும் சொல்லித் தருவாங்களா?"

"உக்காரலாம் அம்மிணி. ஆனா சீக்கிரமா ஒண்ணும் நடக்காது. எனக்கு ரெண்டு வருசத்துக்கு மேல ஆச்சு."

"அவருக்கு எழுவது ஆச்சுங்களே," என்றாள்.

அடுத்த செவ்வாய்க்கிழமை காலைப் பேருந்தில் எலப்புள்ளிக்குப் போனேன். தம்பி முன்னறையில் செய்தித்தாள் வைத்துக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் அதை மடித்து வைத்துவிட்டுப் பின்பக்கம் போனான். அவள் எனக்குக் காபி கொடுத்தாள். இன்னொரு டம்ளரைப் பின்பக்கம் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தாள். அங்கே அவன் வாளியை நகர்த்தும் சத்தமும் இருமலும் கேட்டன. உள்ளே இருந்த நாங்கள் இருவரும் அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தோம். பன்னிரண்டு மணிப் பேருந்துக்கு நான் எழுந்தபோது, அவன் டம்ளரை எடுக்க அவள் போனாள். காபி ஆடை படிந்து அப்படியே இருந்தது.